கட்டில் கணக்கு

வீடற்றோருக்குக் கூரை தரும் அரசு, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்க மறந்துவிடுகிறது

குளிர்காலம் வந்தால் தலைநகர் தில்லியில் ஒரு சர்ச்சை தவறாமல் கிளம்பும். சில இரவுக் காப்பகங்களில் கால் வைக்க இடமிருக்காது. வேறு சிலவற்றில் இடம் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடங்களிலிருந்து கூப்பிடு தூரத்தில், மேம்பாலத்தின் அடியிலும் சாலை நடுவே உள்ள திட்டிலும், சாக்கையும் பிளாஸ்டிக் விரிப்பையும் போர்த்திக்கொண்டு மனிதர்கள் தூங்குவார்கள். பத்திரிகைகள் படம் போடும். நீதிமன்றம் கேள்வி கேட்கும். அரசுத் தரப்பில் பதில் எப்போதும் தயார்: கூப்பிட்டோம், வர மறுக்கிறார்கள், அவர்களுக்குத் தெருதான் பழகிவிட்டது.

வர மறுக்கிறார்கள் என்பது பல சமயம் உண்மை. ஏன் என்ற கேள்விதான் கோப்புகளில் ஏறுவதில்லை.

பழைய தில்லியில் தெருவில் தூங்குகிறவர்கள் எல்லோரும் பிச்சைக்காரர்கள் என்று நினைப்பது தவறு. அவர்களில் பலர் உழைப்பாளிகள். காரி பாவ்லி மண்டியில் மூட்டை சுமப்பவர், சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்பவர், தள்ளுவண்டி இழுப்பவர், கல்யாண வீடுகளில் பரிமாறிவிட்டுப் பாத்திரம் கழுவுபவர். வட இந்தியாவில் கல்யாண சீஸனும் கடுங்குளிரும் சேர்ந்தே வரும். விருந்து முடிந்து, அண்டாக்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு ஆள் வெளியே வரும்போது இரவு ஒரு மணியோ இரண்டு மணியோ ஆகிவிடும். அந்த நேரத்தில் மூன்று கிலோமீட்டர் நடந்து போய்க் காப்பகத்தின் கதவைத் தட்டினால் திறப்பார்களா என்பது சந்தேகம். விடிவதற்கு முன் மறுபடியும் மண்டியில் நிற்காவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்பது நிச்சயம்.

ரிக்‌ஷாக்காரரின் சிக்கல் வேறு. பெரும்பாலும் வண்டி அவருடையதல்ல. நாள் வாடகைக்கு எடுத்தது. காணாமல் போனால் முதலாளிக்குப் பணம் கட்டவேண்டியது அவர்தான். காப்பகத்தில் மனிதனுக்குப் படுக்கை உண்டு, வண்டி நிறுத்த இடமில்லை. ஆகவே வண்டியின் மீதே காலை மடக்கிக்கொண்டு படுக்கிறார். ஜும்மா மசூதியைச் சுற்றியுள்ள பகுதியில் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ரஜாய் வாடகைக்கு விடும் தொழிலே நடந்து வந்திருக்கிறது. இலவசக் கம்பளியை விட்டுவிட்டுக் காசு கொடுத்து ரஜாய் எடுக்கிறவனை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. வேலை கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தெரிந்த முகங்களுக்கு நடுவில் கிடைக்கும் தூக்கத்துக்கு அவன் விலை கொடுக்கிறான்.

குடும்பங்களின் கதை இன்னும் சிக்கலானது. பார்ப்பவர்களுக்கு நடைபாதை என்பது குப்பையும் கூச்சலும். அங்கே வாழ்பவர்களுக்கு அது ஒழுங்கு உள்ள இடம். சுவரோரம் தகரப் பெட்டி. அதன் மேல் சாமி படம் அல்லது மெக்காவின் படம். மூன்று செங்கல் வைத்த அடுப்பு. கணவனும் மனைவியும் வெளிப்பக்கம், குழந்தைகள் சுவரை ஒட்டி. அடுத்த குடும்பம் அதே மாவட்டத்திலிருந்து வந்தது. ஒருத்தி வேலைக்குப் போனால் இன்னொருத்தி பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். காப்பகத்துக்குள் நுழைந்ததும் இந்த ஒழுங்கு முழுவதும் கலைந்துவிடுகிறது. ஆண்கள் ஒரு கட்டடம், பெண்கள் இன்னொரு கட்டடம். மீசை அரும்பும் மகனைத் தாயோடு விடமாட்டார்கள். அடுப்பு மூட்டக் கூடாது. பெட்டிக்கு இடமில்லை. கூரை கிடைக்கிறது, குடும்பம் உடைகிறது. இந்தப் பேரத்துக்கு ஒத்துக்கொள்ளாத தாயைத்தான் அரசுக் குறிப்புகள் ஒத்துழைக்க மறுப்பவள் என்கின்றன.

பண்பாட்டுக்கு ஏற்ற வீட்டு வசதி என்ற சொற்றொடர் கருத்தரங்குகளில் அடிக்கடி அடிபடுகிறது. கேட்பவர்களுக்கு நாட்டுப்புற நடனமும் சுவர்ச் சித்திரமும் நினைவுக்கு வரலாம். வீடற்றவர் விஷயத்தில் பண்பாடு என்பது அன்றாடக் காரியம். யார் யார் பக்கத்தில் படுக்கலாம், அடுப்பை யார் எப்போது மூட்டுவது, குளிக்கும் இடத்துக்குக் கதவு உண்டா, எந்த மொழியில் அதட்டுகிறார்கள், தொழுகைக்கு விரிப்பு போட மூலை உண்டா, வேலைக்கருவியை எங்கே வைப்பது என்பவைதான். இவற்றுக்குப் பதில் இல்லாத கட்டடம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பாதி காலியாகத்தான் இருக்கும்.

எண்ணிக்கை சிறியதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். அவர்களில் நகரங்களில் இருந்தவர்கள் 9.38 லட்சம், 2001ல் இது 7.78 லட்சமாக இருந்தது. நாடு முழுவதுமான தொகை பத்தாண்டில் குறைந்தது, நகரங்களில் மட்டும் கூடியது. இதுவும் 2011 பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் எடுத்த கணக்கு. நடைபாதை, ரயில்வே பிளாட்பாரம், மேம்பாலத்தின் அடி, சாலையோரக் குழாய்கள் என்று தேடிப் போய் எண்ணினார்கள். அந்த இரவு கல்யாணப் பந்தலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் எந்தக் கணக்கில் சேர்ந்தார் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

சட்டமும் விதியும் குறைவில்லை. 2009-10 குளிர்காலத்தில் தில்லியில் ஒரு தற்காலிகக் காப்பகம் இடிக்கப்பட்ட விவகாரம் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 2001லிருந்து நடந்துவந்த உணவு உரிமை வழக்கிலேயே அதை எடுத்துக்கொண்ட நீதிமன்றம், பின்னர் மற்ற மாநிலங்களையும் இழுத்துப் பிடித்தது. பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதில் நூறு பேருக்கு இடம், ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது கட்டளை. 2013ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதையே திட்டமாக்கியது. ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி. ரயில் நிலையம், பஸ் நிலையம், மண்டி என வீடற்றவர்கள் கூடும், வேலை செய்யும் இடங்களுக்கு அருகிலேயே கட்டவேண்டும். குடும்பங்களுக்கும் பெண்களுக்கும் தனி ஏற்பாடு என்று அதன் விதிகள் விவரமாகவே பேசின. ஆனால் நிலம் என்று வரும்போது மண்டிக்குப் பக்கத்து நிலம் விலை அதிகம். ஊருக்கு வெளியே உள்ள நிலம் சும்மா கிடக்கிறது. மேலதிகாரி கேட்பது எத்தனை கட்டில் என்றுதான். எத்தனை குடும்பம் சேர்ந்தே இருக்க முடிந்தது என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

இந்தக் கேள்வியை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே மும்பை கேட்டுவிட்டது. 1981 ஜூலையில், கொட்டும் மழையில், நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்திச் சொந்த ஊர்களுக்கு அனுப்பிவைக்கப்போவதாக மகாராஷ்டிர முதல்வர் அந்துலே அறிவித்தார். பத்திரிகையாளர் ஓல்கா டெலிஸும் நடைபாதைவாசிகளும் நீதிமன்றம் போனார்கள். 1985 ஜூலையில் வந்த தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும். மக்கள் நடைபாதையில் தங்குவது வேலை பக்கத்தில் இருப்பதால். நடைபாதையை இழந்தால் வேலையையும் இழப்பார்கள் என்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. சொல்லிவிட்டு, மழைக்காலம் முடிந்தபின் அப்புறப்படுத்தவும் அனுமதி கொடுத்தது. தத்துவம் நடைபாதைவாசிகளுக்கு, நடைபாதை மாநகராட்சிக்கு என்று ஆனது.

தீர்ப்பைவிட முக்கியமான காரியம் அதே ஆண்டு பைக்குல்லா தெருக்களில் நடந்தது. 1984ல் ஷீலா படேலும் நண்பர்களும் தொடங்கிய ‘ஸ்பார்க்’ அமைப்பு, நடைபாதைவாசிகளின் துணையோடு சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தது. வந்தவர்கள் நாட்டின் மிக வறிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் என்பதும், வேலைக்கு நடந்தே போகிறார்கள் என்பதும் அதில் பதிவாயின. அடுத்து, ‘மகிளா மிலன்’ என்று ஒன்றுசேர்ந்த நடைபாதைப் பெண்கள், தங்களுக்கு வீடு கிடைத்தால் அது எப்படி இருக்கவேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். கட்டடக் கலைஞர் வரைபடத்தை விரித்துச் சம்மதம் கேட்பது வழக்கம். இங்கே பெண்கள் ஊரில் உள்ள வீடுகளையெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மரமும் துணியும் வைத்து நிஜ அளவில் மாதிரி வீடுகளைத் தெருவிலேயே நிறுத்தினார்கள். உள்ளே நடந்து பார்த்தார்கள், படுத்துப் பார்த்தார்கள்.

அவர்கள் கேட்டது நிபுணர்கள் எதிர்பார்த்தது அல்ல. தரைப்பரப்பு பெரிதாகக் கிடைக்காது என்பது தெரிந்துதான் இருந்தது. ஆகவே உயரத்தைக் கேட்டார்கள். 14 அடி உயரம் இருந்தால் பாதிக்குப் பரண் போடலாம். கீழே சமையலும் தொழிலும், மேலே தூக்கம். ஒரே அறையில் மாமியாரும் மருமகளும் வயதுவந்த பிள்ளைகளும் மானத்தோடு இருக்க அந்தப் பரண் போதும். கழிப்பறை வீட்டுக்குள் வேண்டாம், சில குடும்பங்களுக்குப் பொதுவாக வெளியே இருக்கட்டும் என்றார்கள். சோறு பொங்கும் இடத்தை ஒட்டிக் கழிப்பறை இருப்பது அவர்களுக்கு ஒப்பவில்லை. சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீரில் அதைச் சுத்தமாக வைக்க முடியாது என்பதும் அனுபவம். நடுத்தர வர்க்கத்துக்கு ‘அட்டாச்டு பாத்ரூம்’ கௌரவம். நடைபாதைப் பெண்ணுக்கு அது ஒரே அறைக்குள் நாற்றம். இரண்டும் பண்பாடுதான். வரைபடத்தில் இடம்பெறுவது எப்போதும் முதலாவது.

இந்த இயக்கத்தில் ஒரு தமிழரின் பங்கு பெரிது. கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக்குத் தச்சு வேலைக்கு வந்த ஜோக்கின் அற்புதம், ஜனதா காலனி குடிசைப் பகுதியில் குடியேறினார். 1976ல் அந்தக் காலனியே காலி செய்யப்பட்டது; எழுபதாயிரம் பேர் அளவுக்கு மக்கள் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். அதை எதிர்த்துப் போராடிய ஜோக்கின், தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கி ஸ்பார்க்கோடும் மகிளா மிலனோடும் கைகோத்தார். 2000ல் மகசேசே விருது பெற்ற அவர் 2018ல் காலமானார். குடிசைவாசிகளைப் பற்றிய தகவலைக் குடிசைவாசிகளே சேகரிக்கவேண்டும் என்பது அவர் விடாமல் வலியுறுத்திய விஷயம். 1995ல் மகாராஷ்டிரத்தின் குடிசை மறுவாழ்வுத் திட்டம் நடைபாதைவாசிகளையும் மாற்று வீடு பெறத் தகுதியுள்ளவர்களாக ஏற்றது. கேட்டுக்கொண்டே இருந்ததன் பலன் அது.

ராஜஸ்தானில் இன்னொரு பாடம் இருக்கிறது. காடியா லோஹார்கள் என்ற வண்டிக் கொல்லர்கள் மேவார் அரசுக்கு ஆயுதம் செய்தவர்கள் என்பது அவர்கள் மரபு. 1568ல் சித்தூர் கோட்டை அக்பரிடம் விழுந்தபோது, கோட்டை மீளும்வரை வீட்டில் வசிப்பதில்லை, கட்டிலில் படுப்பதில்லை, விளக்கேற்றுவதில்லை என்று சபதம் செய்தார்களாம். மாட்டுவண்டியே வீடாக, ஊர் ஊராகக் கலப்பைக் கொழுவும் கரண்டியும் அடித்துக் கொடுத்துத் திரிந்தார்கள். 1955 ஏப்ரலில் பிரதமர் நேரு நேரில் போய், நாடு விடுதலை அடைந்துவிட்டது, சபதம் நிறைவேறிவிட்டது என்று சொல்லி அவர்களைக் கோட்டைக்குள் அழைத்துச் சென்றார். ஒரு சமூகத்தின் மரபை மதித்து, அந்த மரபின் மொழியிலேயே பேசி, அதைக் கௌரவமாக முடித்துவைத்த அந்தச் சடங்குக்கு ஈடு சொல்வது கடினம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சோகம். நிலமும் குடியிருப்பும் தந்து நிலைநிறுத்தும் திட்டங்கள் வந்தன. ஆனால் வண்டிக் கொல்லனின் பிழைப்பு வாடிக்கையாளரைத் தேடிப் போவதில் இருந்தது. ஒரே இடத்தில் நாற்பது கொல்லர்களை உட்கார வைத்தால் யார் கலப்பை வாங்குவது? பல குடும்பங்கள் மறுபடியும் வண்டி ஏறின. பிறகு தொழிற்சாலைச் சாமான்கள் வந்து அந்தத் தொழிலையும் தின்றுவிட்டன. தில்லியிலும் ஹரியானாவிலும் ராஜஸ்தானிலும் சாலையோரம் துருத்தி ஊதிக்கொண்டு இருக்கும் இந்தக் குடும்பங்கள் இன்று ஆக்கிரமிப்பாளர்கள். அவர்களுடைய வரலாற்றுக்கு மரியாதை கிடைத்தது, உலைக்களத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

கதவே சிலரைத் துரத்துகிறது. மும்பைத் தெருக்களில் வாழும் பார்தி இனத்தவரை 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறவிக் குற்றவாளிகள் ஆக்கியது. 1952ல் அந்தப் பட்டியலிலிருந்து விடுபட்டாலும், சந்தேகம் விடவில்லை. காப்பக வாசலில் அடையாள அட்டை கேட்டுப் பதிவேட்டில் விரல் ரேகை வாங்குவது குமாஸ்தாவுக்குச் சாதாரண நடைமுறை. பார்திப் பெண்ணுக்கு அது போலீஸ் ஸ்டேஷன். திருநங்கைகளின் நிலையும் இதைப் போன்றது. ஆண்கள் காப்பகத்தில் ஆபத்து, பெண்கள் காப்பகத்தில் அனுமதி இல்லை. 2020 நவம்பரில் வதோதராவில் திறக்கப்பட்ட ‘கரிமா கிரஹ்’ என்ற கௌரவ இல்லமும், அதே முன்னோடித் திட்டத்தில் அமைந்த மற்ற இல்லங்களும் இந்த இடைவெளியை அரசு ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். அவற்றைத் திருநர் நலனுக்காக உழைக்கும் அமைப்புகளின் பொறுப்பிலேயே விட்டது புத்திசாலித்தனம்.

மனநோயோடு தெருவில் அலைபவர்களுக்கு மொழியே முதல் மருந்து. பிகாரில் ரயில் ஏறித் தமிழ்நாட்டில் இறங்கிவிட்ட பெண் மைதிலியில் புலம்பினால், கேட்பவர்கள் அதை உளறல் என்றுதான் எழுதிக்கொள்வார்கள். 1993ல் சென்னையில் தொடங்கிய ‘பான்யன்’ அமைப்பு, மனநல மருத்துவமனைகளில் வருஷக்கணக்கில் தேங்கிவிட்ட பெண்களுக்காக ஓர் எளிய முறையை உருவாக்கியது. நாலைந்து பேர் சேர்ந்து, சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் குடியிருப்பார்கள். உதவிக்கு ஒரு பணியாளர். என்ன சமைப்பது, எந்தச் சாமிக்கு விளக்கேற்றுவது, யாரோடு சேர்ந்து இருப்பது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். கேரளம், மகாராஷ்டிரம், அஸ்ஸாம் என்று அந்த முறை பரவியது. 2017 மனநலச் சட்டத்தின் 19ஆவது பிரிவு சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையைச் சொல்கிறது. அந்தப் பிரிவு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு இந்த வீடுகளே விளக்கம்.

பண்பாடு என்ற வார்த்தையில் இரண்டு அபாயங்கள் உண்டு. ஒன்று, அது சோம்பேறி அரசுக்குச் சாக்காகிவிடும். தெருவில் இருப்பது அவர்கள் பழக்கம், நாடோடி வாழ்க்கை அவர்கள் மரபு என்று சொல்லிவிட்டால் செலவு மிச்சம். கொட்டும் மழையில் பிளாஸ்டிக் விரிப்பின் கீழ் பிரசவிப்பது யாருடைய மரபும் அல்ல. இன்னொன்று ஜாதி. பக்கத்துக் கட்டிலில் இன்ன ஜாதிக்காரர் கூடாது, இன்னார் தொட்ட பாத்திரத்தில் சாப்பிடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதையும் பண்பாடு என்று அரசு மதிக்கவேண்டுமா? வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு அதற்கு 1950லேயே முடிவு கட்டிவிட்டது. பிள்ளைகளோடு சேர்ந்து தூங்கவேண்டும் என்று கேட்பவர் தனக்கு வேண்டியதைக் கேட்கிறார். அடுத்தவரை வெளியே அனுப்பு என்பவர் இன்னொருவருடைய இடத்தைக் கேட்கிறார். இந்த வித்தியாசம் தெரிந்த நிர்வாகிக்கு எங்கே வளைவது, எங்கே நிமிர்ந்து நிற்பது என்பதில் குழப்பம் வராது.

செய்யவேண்டியவை ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. எந்த நேரத்திலும் திறக்கும் கதவு. சங்கிலி போட்டு வண்டி நிறுத்த ஒரு முற்றம். பெட்டிக்குப் பூட்டு. குடும்பங்களுக்குத் தடுப்பு, பொதுவாக ஒரு சமையல் மூலை. அட்டை இல்லாதவரை அதட்டாத குமாஸ்தா. அவர் பேசும் பாஷையில் பேச ஓர் ஆள். நிர்வாகத்தில் தங்குபவர்களின் குழு. இவற்றில் எதுவும் புதிய கட்டடத்தின் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் இவற்றையெல்லாம் தெரிந்துகொள்ள யாராவது இரவு இரண்டு மணிக்கு மண்டிப் பக்கம் போய் உட்கார்ந்து பேசவேண்டும். ஆபீஸ் நேரம் ஐந்தரையோடு முடிகிறது.

காப்பகம் என்பதே நிரந்தரத் தீர்வு அல்ல, வாடகை அறையோ சொந்த வீடோதான் முடிவு என்பது சரியான வாதம். அங்கும் இதே கேள்விதான் காத்திருக்கிறது. 2020 ஜூலையில், ஊரடங்கில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்த காட்சிக்குப் பின், மத்திய அரசு குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டத்தை அறிவித்தது. அதன் ஒரு பகுதி, முந்தைய திட்டங்களில் அரசுப் பணத்தில் கட்டி ஆள் குடிவராமல் பூட்டிக்கிடந்த வீடுகளை வாடகைக்கு விடுவது. நகரங்களில் ஒன்பது லட்சம் பேருக்கு மேல் கூரை இல்லாத நாட்டில், ஏழைகளுக்கென்றே கட்டிய வீடுகள் எப்படிக் காலியாகக் கிடந்தன? பல இடங்களில் அவை ஊருக்கு வெளியே, வேலையும் பஸ்ஸும் பள்ளிக்கூடமும் இல்லாத பொட்டலில் எழும்பியிருந்தன. கட்டியவர்கள் செங்கல்லை எண்ணினார்கள், சிமெண்டை எண்ணினார்கள். குடியேறப்போகிறவளிடம் அடுப்பை எங்கே வைப்பாய் அம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தக் கதவுகளில் பல இன்று திறந்திருக்கும்.